பாலும் வெயிலும் பார்த்தாயிற்று, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் நலவாழ்வுப் பக்கத்தில், "வயதானால் எலும்பு தேய்வது இயற்கை, தினம் ஒரு டம்ளர் பாலும் காலை இளவெயிலும் இருந்தால் டாக்டரே தேவையில்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. பக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "எழுதினவனை நம்ம மொட்டை மாடிக்கு வரச் சொல்லு" என்றார். அவர் வரமாட்டார், ஆகவே இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு 71 வயது. சித்திரை வந்தால் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு, காக்காய் விரட்டிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றவர். வீட்டில் இரண்டு கறவை மாடு இருந்ததால் பாலுக்கும் பஞ்சமில்லை. அவருக்குத்தான் ஆறு வருடத்துக்கு முன் இடுப்பும் தொடையும் வலிக்க ஆரம்பித்தன. மூட்டில் இல்லை, எலும்பிலேயே வலி. விரலால் அழுத்தினால் துடிப்பார். எங்களுக்கு அது முதலில் தெரிந்தது கோலத்தில். பதினைந்து புள்ளி ஒன்பதானது, ஒன்பது ஐந்தானது. குந்தினால் எழ முடியவில்லை என்பதை எங்களிடம் சொல்லாமல் கோலத்தைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறார். ஜன்னல் கம்பியைப் பிடித்து அவர் எழுந்ததைப் பார்த்து, எதிர்வீட்டுப் பெண்தான் வந்து சொன்னாள். அப்புறம் நடையும் மாறியது. இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து, வாத்து நடை.

நாங்கள் பார்த்த முதல் மூன்று டாக்டர்களும் உங்கள் வாசகர்கள் போலிருக்கிறது. "வயசாயிடுச்சும்மா, பால் குடிங்க." நம் ஊரில் எல்லாமே தேய்மானம்தானே, மூட்டு, எலும்பு, தண்டுவடம், செருப்பு உட்பட. ஓர் இலவச முகாமில் குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்து எடுத்து, சிவப்புக் கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு அடர்த்தி ஸ்கேன். அதில் டி-ஸ்கோர் என்கிற எண் மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறையும் நோய். அம்மாவுக்கு மைனஸ் 3.4. உடனே, எலும்பு கரைவதைத் தடுக்க வருடத்துக்கு ஒரு முறை போடும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசியை டிரிப்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி உதடு மரத்துப்போகிறது என்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி, கவளம் எடுக்கிற மாதிரி விரல்கள் குவிந்து அப்படியே நின்றுவிட்டன. பிரித்துவிட்டால் மறுபடியும் குவிகின்றன. வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள். அங்கிருந்த வயதான டாக்டர்தான் முதன்முதலாக, "இவங்க வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டார். அம்மா வலிப்புக்காக 22 வருடமாக ஃபெனிட்டாய்ன் சாப்பிட்டு வந்தார். அந்த மாத்திரை, உடம்பில் இருக்கிற வைட்டமின் டி-யைக் கல்லீரல் சீக்கிரமாக அழித்துவிடும்படி செய்யுமாம். அப்புறம் வடாம் வெயில் எந்த மூலைக்கு?

ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 7.1, பாஸ்பரஸும் குறைவு, வைட்டமின் டி வெறும் 6. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி சுமார் 130-க்குள் இருக்க வேண்டியது, 412 இருந்தது. இடுப்பு எக்ஸ்ரேயில், நகக்கீறல் மாதிரி எலும்புக்குக் குறுக்கே ஒரு கோடு. லூசர் கோடு என்றார் அந்த வயதான டாக்டர். ஆக, நோய் ஆஸ்டியோமலேசியா, எலும்பு மென்மையாவது. ஆஸ்டியோபோரோசிஸில் இருக்கிற எலும்பு நல்ல எலும்புதான், அளவு குறைவு. ரத்தத்தில் இந்த எண்களெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆஸ்டியோமலேசியாவில் கம்பி கட்டியாயிற்று, கான்கிரீட் இறங்கவில்லை; எலும்பின் சட்டம் இருக்கிறது, கால்சியம் சரியாகப் படியவில்லை. ஸ்கேன் இரண்டையும் ஒரே மாதிரி குறைவாகத்தான் காட்டும். வைட்டமின் டி-யைச் சரிசெய்யாமல் ஆஸ்டியோபோரோசிஸ் ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

வாரம் ஒரு முறை 60,000 யூனிட் வைட்டமின் டி, தினமும் சாப்பாட்டோடு கால்சியம் மாத்திரை. நரம்பு டாக்டரிடம் கேட்டு வலிப்பு மாத்திரையையும் மெல்ல மெல்ல மாற்றினோம். இரண்டு மாதத்தில் வலி பாதியானது. அடுத்த பொங்கலுக்குப் பதினோரு புள்ளி. பதினைந்து இன்னும் வரவில்லை.

போகட்டும், இளவெயில் விஷயத்துக்கு வருகிறேன். விடிகாலை வெயிலில் நின்றால் மனசுக்கு இதம்தான். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அப்போது மிகக் குறைவு. நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வருவது பயனே இல்லை. கறந்த பாலில் கால்சியம் உண்டு, வைட்டமின் டி இல்லையென்றே சொல்லலாம். சில பாக்கெட் பாலில் சேர்க்கிறார்கள், உறையில் ப்ளஸ் எஃப் என்று முத்திரை இருக்கும். இதற்கெல்லாம் நாலு வரி போதும். அந்த இடத்தில்தான் மூட்டுவலித் தைல விளம்பரம் கால் பக்கத்துக்குக் கிடக்கிறதே.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். பென்னாகரம் பக்கத்துப் பள்ளியில் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். என் பிள்ளைகள் படத்தை உங்கள் இதழில் போட்டு, கீழே "பல் துலக்கும் பழக்கம் எப்போது வரும்?" என்று எழுதியிருந்தீர்கள். துலக்கிக்கொண்டுதான் இருந்தார்கள், ஐயா. பல்லில் தெரிந்த பழுப்புக் கோடு ஆழ்குழாய்த் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் வந்தது. பல் முளைக்கும் முன்பே ஏறிவிட்ட கறை எந்தப் பற்பொடிக்குப் போகும்? அதே தண்ணீரைக் குடித்த அவர்களுடைய தாத்தாக்களுக்கு முதுகு இறுகி, கழுத்தைத் திருப்ப முடியாமல், கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார்கள். நெல்லூர்ப் பக்கம் இந்த நோய் இருப்பதை 1937-லேயே சென்னை மாகாண மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அந்தத் தண்ணீருக்கு மாற்றாக ஒகேனக்கல் குடிநீர் எங்கள் பக்கம் வந்தது 2013-க்கு மேல்தான். அந்தப் பட வாசகத்துக்கு நான் எழுதிய மறுப்புக் கடிதம் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று அப்போது என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், இரண்டு வரி: எலும்பு வலியோடு குந்தி எழச் சிரமமும் இருந்தால், வயசு என்று விட்டுவிடாமல் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி பாருங்கள், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

இடம் போதாது என்று கடிதத்தைச் சுருக்குவதானால் ரத்தப் பரிசோதனைப் பத்தியை மட்டும் விட்டுவையுங்கள். பென்னாகரம் பத்தியை வெட்டுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
27 வருடச் சந்தாதாரர்,
சேலம்.