இ-சிகரெட்டும் விமானப் பயணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

துபாயில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, தன் இ-சிகரெட்டைப் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டான். அங்கே கடையில் விற்கும் பொருள்தானே என்று நினைத்திருக்கிறான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, அதோடு முடிந்தது.

அதில் இருப்பது லித்தியம் பேட்டரி. தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது. சரக்கு அறையில் பற்றினால் யார் போய் அணைப்பது? அதனால்தான் 2015 முதல் உலக அளவிலேயே பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். விமானத்துக்குள் புகைக்கவோ சார்ஜ் போடவோ கூடாது. கழிவறைக்குள் போய் ஊதுவதும் குற்றம்தான்.

சரி, கைப்பையில் வைத்துக் கொண்டுவந்துவிடலாமா என்றால், இந்தியாவுக்கு அதுவும் ஆகாது. 2019 சட்டப்படி இங்கே இ-சிகரெட் விற்பனை மட்டுமல்ல, இறக்குமதியும் தடை. முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகும் சிங்கப்பூரிலோ கையில் வைத்திருப்பதே குற்றம்.

இதையெல்லாம் டிக்கெட்டில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் போட்டால் யார் படிப்பார்கள்? சென்னை, திருச்சி, மதுரை விமானங்களுக்கு டிக்கெட் விற்கும்போதே தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பெட்டி போடும் கவுன்டரில் ஊழியர் வாய்விட்டு ஒருமுறை கேட்டாலும் போதும்.

– ஒரு வாசகர், திருச்சி