ஸ்கார்பரோவிலிருந்து சிவதாபுரத்துக்கு

ஸ்கார்பரோ, கனடா,
ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன் போட்டால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வார்கள், அப்புறம் அழுகைதான். விவரமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேலை போனது நிஜம். எங்கள் ஆலையில் செய்வது கார் உதிரி பாகம். அமெரிக்காக்காரன் வரி போட்டதும் ஆர்டர் படுத்துவிட்டது, எங்கள் ஷிப்டையே எடுத்துவிட்டார்கள். நான் ஏதோ தப்பு செய்து துரத்திவிட்டதாகப் பெரியப்பா வீட்டில் பேச்சாம். ஆர்.ஓ.இ. என்று ஒரு தாள் இருக்கிறது. நான் எத்தனை மணி நேரம் உழைத்தேன், என்ன சம்பளம், ஏன் நின்றேன் என்பதெல்லாம் அதில் போட்டுக் கம்பெனி அரசாங்கத்துக்கு அனுப்பும். காரணத்துக்கு ஒற்றை எழுத்து. ஏ என்றால் வேலை இல்லாததால் நிறுத்தியது. இ என்றால் தானாக விட்டது. எம் என்றால் நீக்கியது. எனக்கு ஏ. கம்ப்யூட்டரில் அதைப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது. சரியான காரணமில்லாமல் தானாக விட்டிருந்தாலோ, ஒழுங்கீனத்துக்காக நீக்கியிருந்தாலோ வேலை போனவர்களுக்கு அரசாங்கம் தருகிற பணத்தில் சல்லிக்காசு கிடைத்திருக்காது. பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

“கவர்மென்ட் காசில் உட்கார்ந்து தின்கிற நிலைமை வந்துவிட்டதா” என்று கேட்டீர்கள். இரண்டு நாள் அது மனசிலேயே கிடந்தது. அப்பா, இது தர்மக் காசு இல்லை. 1940லேயே இங்கே சட்டம் போட்டுக் கொண்டுவந்த வேலையிழப்புக் காப்பீடு. இ.ஐ. என்பார்கள். ஒவ்வொரு சம்பளத்திலும் என்னிடம் பிடித்தார்கள். நான் 1 டாலர் கட்டினால் முதலாளி 1.40 கட்ட வேண்டும். நம் ஊர்ச் சீட்டு மாதிரி என்று வையுங்களேன். ஆனால் இதில் தள்ளிக் கேட்டு எடுக்க முடியாது. வேலை போகாமலே ரிட்டயர் ஆகிறவன் கட்டியது கட்டியதுதான்.

வெள்ளி விலை எகிறிப் பட்டறை மூடிக் கிடந்தபோது உங்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கினீர்கள். அதைக் கழிக்கத் தீபாவளி தாண்டியும் ஊதுகுழலும் கையுமாக உட்கார்ந்து கொலுசுக்குப் பற்றவைக்கும் பொடி வைத்துக்கொண்டிருந்தீர்கள். கூச்சப்பட வேண்டியது அந்த முதலாளி, நீங்களும் இல்லை நானும் இல்லை.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். கம்பெனி தாள் அனுப்பட்டும் என்று காத்திருக்கக் கூடாது; வேலை நின்று 4 வாரத்துக்குள் போடாவிட்டால் பணம் கைவிட்டுப் போகலாம். இடத்துக்கு இடம் 420 முதல் 700 மணி நேரம் வரை உழைத்திருக்க வேண்டும், எனக்கு அதற்கு மேலேயே இருந்தது. சராசரி வாரச் சம்பளத்தில் 55 சதவீதம் தருவார்கள். எத்தனை சம்பாதித்தவனுக்கும் இந்த வருஷம் வாரத்துக்கு 695 டாலர்தான் உச்சம், அதற்கும் வரி உண்டு. வழக்கமாக முதல் வாரத்துக்குக் கிடையாது; இந்த வரித் தகராறால் அந்த விதியைத் தற்காலிகமாக விலக்கியிருக்கிறார்கள். வாடகைக்குப் போக மிச்சம் மளிகைக்கு இழுக்கும்.

அடுத்தது அம்மா கேட்டது. “சும்மாதானே இருக்கிறாய், ஆடிப் பண்டிகைக்கு வந்துவிட்டுப் போயேன்.” சும்மா இருக்க விட்டால்தானே! இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கேள்விகளுக்குப் பதில் கொடுக்க வேண்டும். வேலை கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தாயா? எங்காவது வேலை செய்து காசு வாங்கினாயா? கனடாவுக்கு வெளியே போனாயா? போனேன் என்றால் பொதுவாக அந்த நாட்களுக்குப் பணம் நின்றுவிடும். நெருங்கிய சொந்தத்தில் சாவு, கடுமையான நோய் என்றால் 7 நாள் வரை பொறுப்பார்கள். கோட்டை மாரியம்மன் அந்தப் பட்டியலில் இல்லை. சொல்லாமல் போய்வந்தால் எல்லையில் பதிந்த தேதியை ஒத்துப்பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும் விழும். என் பேருக்கு அம்மாவே பொங்கல் வைக்கட்டும்.

வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கெங்கே விண்ணப்பித்தேன் என்று நோட்டில் குறித்துவைக்கிறேன், கேட்டால் காட்ட வேண்டுமே. வெள்ளிக்கிழமை ஒரு குடோனில் இன்டர்வியூ. ராத்திரி ஷிப்ட் என்றாலும் சரி என்றுவிடப் போகிறேன்.

தம்பி கோரிமேட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்ததை 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஞாபகப்படுத்துங்கள். விட்டால் சீனியாரிட்டி போய்விடும். பதிந்து 5 வருஷம் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதுவும் கவர்மென்ட் காசுதான், அப்பா. அதற்கு மட்டும் நீங்களே வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் போவீர்கள் என்று எனக்குத் தெரியும்!

இந்த மாதம் பாதிப் பணம்தான் வரும். முதலில் சீட்டைக் கட்டிவிடுங்கள். வட்டிக்காரருக்கு அடுத்த மாதம் தருவதாக நானே பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்