சிங்கப்பூர் கடல் வரலாற்றுக் கண்காட்சி குறித்த புகார்

அனுப்புநர்: தங்கும் விடுதி உரிமையாளர், கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு, கண்காட்சி ஏற்பாட்டு நிறுவனம், சென்னை

பொருள்: கட்டணத்தில் பாதியையும் எங்கள் குடும்பப் படத்தையும் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபிறகு எங்கள் கரைக்கு ஆள் வரத்து கூடும் என்று நம்பித்தான் உங்கள் சிங்கப்பூர் கண்காட்சிக்கு ரூ.60,000 கட்டினேன். எனக்கு ஒரு சின்ன ஸ்டால், அதோடு கீழக்கரையிலிருந்து தனுஷ்கோடி வரையிலான கடல் வரலாற்றைச் சொல்லும் பலகைகள். ஒப்பந்தத்தில் இருப்பது இதுதான்.

பணம் வாங்கும்போது உங்கள் பிரதிநிதி இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலை உதாரணம் காட்டினார். 1972இல் மூடிய ஆல்பர்ட் டாக் துறையை 1988இல் மறுபடி திறந்து, 2008இல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரமாகி, 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் தனி அரங்கே போட்ட ஊர் அது. நம் ஊரையும் அப்படி எழுப்பிக் காட்டலாம் என்றார். எனக்கும் ஆசை வந்தது.

ஸ்டாலில் நின்று பார்த்தபோது மனசு விட்டுப்போனது. முதல் பலகையில் பாலத்தின் டிரோன் படம். அடுத்த இரண்டில் கடற்கரை மனைகளின் லேஅவுட். அழகன்குளத்துக்கு ஒரே ஒரு வரி. வைகை முகத்துவாரத்தில் இருக்கும் அந்த ஊரில் ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளைக் காட்டியிருந்தால், வந்திருந்த சீனக் குடும்பங்கள் நின்று பார்த்திருக்கும். சீதக்காதி பெயரே இல்லை. ‘செத்தும் கொடுத்த சீதக்காதி’ என்று ஊர் உலகம் சொல்லும் அந்த வள்ளல் 17ஆம் நூற்றாண்டில் இதே கீழக்கரையிலிருந்து கடல் வணிகம் செய்தவர். முத்துக்குளித்தவர்கள், சங்கு குளிப்பவர்கள், இன்றும் தீவோரம் மூழ்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்கள், ஒருவரும் இல்லை. 1964 டிசம்பர் புயல் பற்றியும் ஒரு சொல் கிடையாது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஓடிய கப்பல் போக்குவரத்தை அடியோடு நிறுத்தியது அந்தப் புயல்தான்.

என்னால் பொறுக்க முடியாதது இன்னொன்று. என் வாப்பாவின் தகப்பனார் சரக்குத் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். பாய்மரத்தருகே அவர் நிற்கும் ஒரே படத்தை உங்களை நம்பிக் கொடுத்தேன். அதன் கீழே ‘கேரள மீனவர்’ என்று அச்சடித்திருந்தீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் பிள்ளைகளோடு வந்து அதைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போனார். அன்றே உங்கள் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். சரி, மாற்றிவிடுகிறோம் என்றார். கடைசி நாள்வரை மாற்றவில்லை. அப்புறம் ஊருக்கு வந்து கேட்டால், படம் எங்கே என்று தேடிப் பார்க்கிறோம் என்கிறீர்கள்.

நீங்கள் காட்டிய லிவர்பூலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் அடிமை வணிகத்தில் தனக்கிருந்த பங்கைச் சொல்லும் அருங்காட்சியகத்தை 2007இல் அதே துறையிலேயே திறந்தது. துறைமுகப் பகுதியில் எழுந்த புதுக் கட்டடங்களால் 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கியது. இரண்டையும் தெரிந்தவர்கள் மனை லேஅவுட்டைக் கடல் வரலாறு என்று மாட்டியிருக்க மாட்டார்கள். அதுவும் சிங்கப்பூரில்! 1977இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் தங்கள் ஆற்றைச் சுத்தம் செய்து, பழைய கிட்டங்கிகளைக் காத்து, கரையில் வணிகர்களுக்கும் ஆற்றில் குதிக்கும் சிறுவர்களுக்கும் வெண்கலச் சிலை வைத்த ஊர்க்காரர்கள் அவர்கள். ஒரு துறையை எப்படி மீட்டெடுப்பது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பலகைகளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அது எங்கள் ஊருக்கு நேர்ந்த தலைக்குனிவு.

என் பாட்டனாரின் அசல் படம் சேதமில்லாமல் திரும்ப வேண்டும். ஸ்டால் கிடைத்தது உண்மை, அதனால் முழுப் பணம் கேட்கவில்லை. பலகைகளுக்கான பாதி, ரூ.30,000, வேண்டும். இதே பலகைகளை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், மனைப் படங்களை எடுத்துவிட்டு, விட்டுப்போனவற்றைச் சேர்த்து, அச்சுக்கு முன் எங்கள் கரையைச் சேர்ந்தவர்களிடம் காட்டுங்கள். தகவல் திரட்ட நானே கூட வருகிறேன், அதற்குப் பணம் வேண்டாம்.

30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். ஒப்பந்த நகல், ரசீது, பலகைகளின் புகைப்படங்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கீழக்கரை