அகலச் சாலைக்குக் காத்திருக்கும் புல்லில் ஒரு நடைபாதை வேண்டும்

சிங்கப்பூரில் சாலைகளுக்குக் கோடு போடுகிறவர்களுக்கும், அந்தக் கோட்டுக்காக நிலத்தை ஒதுக்கி வைக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் வேன் ஓட்டுகிறேன். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளில் உள்ள கடைகளுக்கு அரிசி, பருப்பு, காய்கறி கொண்டுபோய் இறக்குவது என் வேலை. பத்தொன்பது வருடமாக கிராஞ்சி, மண்டாய், துவாஸ் பக்கம்தான் என் பிழைப்பு. அந்த வட்டாரங்களில் நான் தினமும் போய்வரும் சாலை ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அதைப் போல வேறு சாலைகளும் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

போக ஒரு தடம், வர ஒரு தடம். சாலை அவ்வளவுதான். நிலமோ ஆறு தடத்துக்குக் காணும். தினமும் ஓட்டுகிறவனுக்கு இது பார்த்ததும் தெரிந்துவிடும். தார் போட்ட பகுதி நிலத்தின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். விளக்குக் கம்பங்கள் ஒரு பக்கம் மட்டும் நிற்கும். மழைநீர்க் கால்வாய் சாலையை ஒட்டி ஓடாமல், புல்வெளியைத் தாண்டி முப்பது நாற்பது அடி தள்ளி ஓடும். மரங்களும் அந்தக் கால்வாயை ஒட்டிய கடைசி வரிசையில்தான். நடுவில் நட்டால் பிற்பாடு வெட்ட வேண்டிவரும் என்று யாரோ முன்பே யோசித்து வேலை செய்திருக்கிறார்கள்.

அந்த யோசனையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு சாலைகளுக்கே போய்விடுகிற தீவு இது. நாளைக்கு வேண்டிய இடத்தை இன்றைக்கே கோடு போட்டு வைக்காவிட்டால் அப்புறம் கிடைக்காது. ஒருவர் தன் நிலத்தில் புதிதாகக் கட்ட நினைத்தால், சாலைக்கென்று வரைந்த கோடு அதில் எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு இடித்து, தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் இடம் மாற்றிச் சாலையை அகலமாக்குவதைவிட, இரண்டு தடத்தை மட்டும் இப்போது போட்டு மீதியைப் புல்லாக விட்டுவைப்பது எவ்வளவோ மேல். இதெல்லாம் எனக்குப் புரிகிறது.

நான் பேச வந்தது அந்தப் புல்லில் நடப்பவர்களைப் பற்றி.

சாலை இன்னும் முடியவில்லை, பிறகு அகலமாகும், அப்போது நடைபாதை, விளக்கு எல்லாம் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். கணக்கு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்தபோதும் சாலை இதே போலத்தான் இருந்தது. அன்று பாலர் பள்ளிக்குப் போன என் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். விடுதியில் தங்கியிருக்கிறவர்களோ இரண்டு வருடம், நான்கு வருடம் என்று ஒப்பந்தத்தில் வந்து, நடந்து, ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்களும் அதே புல்லில் நடந்தார்கள். சாலையின் கணக்கில் அது இடைக்காலம். அவர்களுக்கு சிங்கப்பூரில் இருந்த காலம் முழுவதுமே அதுதான்.

பகலில் போய்ப் பார்த்தால் புல்லுக்கு நடுவே செம்மண் கோடு ஒன்று தெரியும். ஒரு ஆள் மட்டும் போகிற அகலம். புல் வெட்டும் ஆட்கள் மாதாமாதம் வெட்டிவிட்டுப் போனாலும் அந்தக் கோடு மறையாது. விடுதி வாசலில் தொடங்கி, வளைவில் கொஞ்சம் சாலையை ஒட்டி வந்து, ஒரு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் முடியும். பள்ளத்தில் யாரோ இரண்டு மரப்பலகையைப் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் பலகை மிதக்கும். அப்போது எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தார்ச் சாலை ஓரத்தில் ஏறி நடப்பார்கள்.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, இரவு ஏழரை இருக்கும். நல்ல மழை. எதிரே மண் ஏற்றிய பெரிய லாரி வந்துகொண்டிருந்தது. நடுவில் தடுப்பு இல்லாத சாலை, வலப்பக்கம் ஒதுங்க வழியில்லை. இடப்பக்கம் கறுப்பாக ஏதோ அசைந்தது. பிரேக்கை அழுத்துவதற்குள் என் வேனின் பக்கக் கண்ணாடி ஒரு குடையைத் தட்டிவிட்டது. குடை பறந்துபோய்ப் புல்லில் விழுந்தது. இறங்கி ஓடினேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்தத் தம்பிக்கு. தோளில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை. அடி எதுவும் இல்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. வேனில் ஏற்றி விடுதி வாசலில் இறக்கிவிட்டேன். ஊர் எது என்று கேட்டேன். அறந்தாங்கி பக்கம் என்றார்.

“பரவாயில்லண்ணே, ஊர்ல வரப்பு மேல நடந்து பழக்கம்தான். அங்க லாரி வராது, அவ்ளோதான்,” என்றார்.

அன்றிலிருந்து அந்த வளைவில் நான் நாற்பதுக்கு மேல் போவதில்லை. ஆனால் ஒரு ஓட்டுநர் மெதுவாகப் போனால் தீர்ந்துவிடுகிற காரியமா இது? நேரான சாலை, இரண்டு பக்கமும் திறந்த புல்வெளி, கட்டடம் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட சாலையில் கால் தானாகவே அழுத்தும். ஐம்பது என்று பலகை சொன்னாலும் கண்ணுக்கு அது விரைவுச்சாலை மாதிரித்தான் தெரியும். பெரிய சாலைக்கென்று ஒதுக்கிய அகலமே, சின்னச் சாலையில் வேகத்தைக் கூட்டிவிடுகிறது.

நடைபாதை போட்டால், அகலப்படுத்தும்போது உடைக்க வேண்டிவரும், காசு வீண் என்று சொல்வீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் ஊரில் எம்ஆர்டி ரயில் வேலை நடக்கிற இடங்களைப் பாருங்கள். சாலையைத் தோண்டும்போது நடப்பவர்களுக்கு மாற்றுப் பாதை போட்டு, மேலே கூரை, பக்கத்தில் தடுப்பு, விளக்கு எல்லாம் வைக்கிறார்கள். சில மாதத்தில் வேலை இடம் மாறினால் அந்தப் பாதையையும் பிரித்து இடம் மாற்றுகிறார்கள். அதை யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை. சில மாதத்துக்கு அப்படிச் செய்கிற ஊர், இருபது வருடத்துக்கு ஒன்றரை மீட்டர் தார்ப் பாதை போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒதுக்கிய நிலத்தை இடைக்காலத்தில் பயன்படுத்துவதும் இங்கே புதிது இல்லை. 1990களிலிருந்து நீங்கள் போட்டுவரும் பூங்கா இணைப்புப் பாதைகள் இன்று 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. அவற்றில் பல, கால்வாய் ஓரத்தில் வடிகாலுக்கென்று ஒதுக்கிய நிலத்தில்தான் ஓடுகின்றன. கால்வாயைச் சீர்செய்ய வண்டி போக விட்டிருந்த இடத்தில் இன்றைக்கு நான் குடியிருக்கும் ஈசூன் வட்டாரத்துத் தாத்தா பாட்டிகள் காலை நடை போகிறார்கள், நானும் அதில் நடக்கிறவன்தான். எம்ஆர்டி நிலையங்களிலிருந்து 400 மீட்டர் தூரத்துக்குள் கூரை போட்ட நடைபாதை என்ற திட்டத்தில் 200 கிலோமீட்டர் கட்டி முடித்தீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி பிளாக்கிலிருந்து நிலையம் வரை நனையாமல் போகிறோம். அந்த அக்கறை விடுதி வாசலுக்கும் வந்து சேர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒதுக்கிய நிலத்தில் எல்லாம் சாலை வந்துவிடுவதும் இல்லை. நகர மையத்துக்கு அடியில் சுரங்கச் சாலை வளையம் ஒன்று வரும் என்று 1993ல் இடம் ஒதுக்கினீர்கள். பொதுப் போக்குவரத்து பெருகிவிட்டது, இனி அது தேவையில்லை என்று 2017ல் அந்த ஒதுக்கீட்டை நீங்களே விலக்கிக்கொண்டீர்கள். 2018 பிப்ரவரியிலிருந்து கார், மோட்டார்சைக்கிள் எண்ணிக்கைக்கு அனுமதிக்கும் வளர்ச்சி விகிதமும் பூஜ்யம். 2008ல் விரைவுச்சாலையாக அறிவித்த 21.5 கிலோமீட்டர் வடக்கு-தெற்குச் சாலையை, 2016ல் பஸ் தடமும் சைக்கிள் பாதையும் சேர்ந்த வழித்தடமாக மாற்றி வரைந்தீர்கள். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சாலையில் இதைச் செய்ய முடிந்திருக்கிறதே. கிராஞ்சி, துவாஸ் பக்கத்துப் புல்வெளிகளுக்கும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த இடத்துக்கு உண்மையிலேயே ஆறு தடம் வேண்டுமா, அல்லது இரண்டு தடம், ஒரு பஸ் தடம், நல்ல நடைபாதை, இரண்டு வரிசை மழைமரம் போதுமா?

சுவீடனில் இப்படித்தான் யோசித்தார்கள். 13 மீட்டர் அகலமான இருவழிச் சாலைகள் அங்கே நிறைய இருந்தன. எல்லாவற்றையும் பெரிய நெடுஞ்சாலை ஆக்கப் பணமும் காலமும் போதாது. 1998ல் ஒரு சாலையில், இருந்த அகலத்துக்குள்ளேயே மூன்று தடம் வரைந்து நடுவில் எஃகு வடத் தடுப்பு வைத்தார்கள். கொஞ்ச தூரம் இந்தப் பக்கத்துக்கு இரண்டு தடம், அப்புறம் அந்தப் பக்கத்துக்கு இரண்டு தடம் என்று மாறி மாறி வரும். நேருக்கு நேர் மோதிச் சாவது வெகுவாகக் குறைந்தது, முறை நாடெங்கும் பரவியது. அந்த அமைப்பை அப்படியே இங்கே போடச் சொல்லவில்லை. அங்கே கிராமங்களுக்கு நடுவே ஓடும் நீண்ட சாலைகள், நமக்கு நான்கு கிலோமீட்டருக்குள் விடுதியும் தொழிற்சாலையும் பஸ் நிறுத்தமும். பெரிய சாலை வரட்டும் என்று உயிர்களைக் காத்திருக்க வைக்காமல், இருப்பதை வைத்து இப்போதே செய்தார்களே, அந்த மனதைத்தான் சொல்கிறேன்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். பெரிய சாலைக்கு ஒதுக்கிய நிலத்தில் இரண்டு தடம் மட்டும் போடும்போது, காலியாக விடும் பக்கத்தில் நடைபாதையையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். பஸ் நிறுத்தத்தையும் விடுதி வாசலையும் அது இணைக்க வேண்டும். அகலப்படுத்தும் நாள் வந்தால் உடைத்துக்கொள்ளலாம், யாரும் வருத்தப்பட மாட்டோம். ஏற்கெனவே போட்ட சாலைகளில் செம்மண் கோடு எங்கே ஓடுகிறதோ அங்கே தார் ஊற்றினால் போதும். விளக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் நடக்கும் பக்கத்துக்கும் நாலு கம்பம் நடுங்கள். முடிந்தால் ஒரு பலகையும் வையுங்கள்: இந்த நிலம் எதற்காக ஒதுக்கப்பட்டது, அடுத்து எப்போது முடிவு செய்யப்படும் என்று. தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் எழுதினால் நடப்பவர்களுக்கும் தெரியும்.

டிசம்பர் மழை வருவதற்குள் ஒருமுறை வந்து பாருங்கள். பகலில் வேண்டாம், சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு வாருங்கள், அப்போதுதான் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போய்ச் சாமான் வாங்கியவர்கள் பைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். குடை எடுத்துக்கொண்டு அவர்களோடு விடுதி வாசல் வரை நடங்கள். சாலையின் பெயரையும், செம்மண் கோடு தொடங்கும், முடியும் இடங்களில் உள்ள விளக்குக் கம்பங்களின் எண்களையும் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். பலகை போட்ட பள்ளம் இரண்டாவது வளைவுக்கு அடுத்து இருக்கிறது. இருட்டில் தெரியாது, பார்த்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஈசூனில் வசிக்கும் ஒரு வேன் ஓட்டுநர்