நெஞ்சை விட்டு அகலாத படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பியக் கலைப்படங்கள் பொறுமையைச் சோதிப்பவை, இன்றைய தலைமுறைக்கு ஒட்டாதவை என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஏற்க முடியவில்லை. மெல்ல நகர்வதால்தான் அவை மனத்தில் தங்குகின்றன. இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிக்கா 1952இல் தந்த ‘உம்பர்ட்டோ டி’ படத்தில், ஓய்வூதியம் போதாமல் அறை வாடகை பாக்கி வைத்த முதியவர், தெருவில் பிச்சை கேட்கக் கை நீட்டிப் பார்க்கிறார். ஒருவர் காசு கொடுக்க வரும் கணத்தில், மழைத் துளி விழுகிறதா என்று பார்ப்பவர்போல் உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொள்கிறார். மானம் போகும் வலியை இதைவிடக் கூர்மையாக எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை. அந்த வேடம் ஏற்ற கார்லோ பத்திஸ்தி தொழில்முறை நடிகரே அல்லர், மொழியியல் பேராசிரியர்!

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் இதைத் திரையிட்டபோது, ஓய்வுபெற்ற ஊழியர்கள் சிலர் படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் எழவில்லை. கல்லூரி மாணவர்கள் அவர்களோடு உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாவட்ட மைய நூலகங்களில் மாதம் ஒரு மாலையேனும் இத்தகைய படங்களைத் தமிழ் வசனவரிகளுடன் திரையிட நூலகத் துறை முன்வர வேண்டும்.

- வாசகர், தஞ்சாவூர்