ஓரத்தில் எழுதியதற்குக் கட்டம் இல்லை

சமத்துவக் கொள்கை வகுக்கப்போவதாகச் சொல்லி மக்களிடம் கருத்துக் கேட்கும் உள்ளாட்சி மன்றத்தாருக்கு,

வணக்கம்.

எல்லோருக்கும் நியாயமான நிர்வாகம் வேண்டும், அதற்கு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று அழைத்திருக்கிறீர்கள். அழைத்ததே நல்ல காரியம்தான். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டி முடித்துவிட்டு, திறப்பு விழாக் கல்லில் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் பொறித்துக்கொள்ளும் நிர்வாகங்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் நீங்கள் கேட்கும் விதத்தில் எனக்கு ஒரு பழைய மனக்குறை இருக்கிறது. படிவத்தில் அதை எழுத இடமில்லை. அதனால் இந்த மடல்.

பல வருடங்களுக்கு முன், நிரந்தர வேலை கிடைக்கும் வரை, ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். மக்கள் நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். பெரும்பாலான கேள்விகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். எதைச் சுழித்திருக்கிறார்களோ அந்த எண்ணைத் தட்ட வேண்டும். முதல் நாள் மாலைக்குள் கை பழகிவிட்டது. இரண்டாம் நாள்தான் கண் பழகியது. படிவங்களின் ஓரங்களில் ஜனங்கள் ஏதேதோ எழுதியிருந்தார்கள்.

ஒரு படிவம் இன்னும் நினைவில் இருக்கிறது. “பொது நூலகம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ளதா?” என்பது கேள்வி. அந்தப் பெண் ஐந்தைச் சுழித்திருந்தார். முழுத் திருப்தி. அதன் பக்கத்திலேயே, பேனா மை கொஞ்சம் பரவிய எழுத்தில், “பக்கத்தில்தான் இருக்கிறது. இருட்டிய பிறகு அந்த வழியாக நான் போவதில்லை. வேலை முடிந்து வருவதே இருட்டிய பிறகுதான்” என்று எழுதியிருந்தார். இன்னொரு படிவத்தில், மாற்றுத்திறனாளியா என்ற கேள்விக்கு “இல்லை” என்று குறித்துவிட்டு, “நான் இல்லை, என் மகன். அவனைக் கேட்க யாரும் வரவில்லை” என்று ஓரமாக ஒரு தகப்பன் எழுதியிருந்தார்.

இவற்றை எங்கே ஏற்றுவது என்று மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், கடுமையாகப் பேசத் தெரியாதவர். திரையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். “ஓரத்தில் எழுதியதற்குக் கட்டம் இல்லையே. எண்ணை மட்டும் போடுங்கள்” என்றார். போட்டேன். அந்தப் பெண் ஐந்து ஆனார். அந்தத் தகப்பன் ஒரு “இல்லை” ஆனார். சில மாதம் கழித்து அறிக்கை வந்தது. நூலகச் சேவையில் பெரும்பாலோர் திருப்தி என்று அதில் இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. என் விரல்கள்தானே அந்த எண்களைத் தட்டின!

அந்த அறிக்கையில் என்ன கோளாறு என்று பிடிபட எனக்கு வெகுநாள் ஆனது. நீங்கள் கேட்பது சமத்துவத்தைப் பற்றி. எண்ணுவது மட்டும் தேர்தல் பாணியில். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, சுவருக்கு என்ன நிறம் என்பதற்கெல்லாம் அது சரி. அதிகம் பேர் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம். வாசலில் இருக்கும் நான்கு படிகளைப் பற்றிக் கேட்டால்? நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் படிகளால் தொந்தரவு இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் ஏறிப் போகிறவர்கள். சக்கர நாற்காலியில் வருகிற இரண்டு பேருக்கு அந்தக் கட்டடமே கிடையாது. இங்கே சராசரி எடுத்தால் எந்த அநியாயத்தைக் கண்டுபிடிக்கக் கிளம்பினீர்களோ அதையே துடைத்து மறைத்துவிடும். இரண்டு சதவீதம்தானே என்று அறிக்கையில் ஒரு வரி. அந்த இரண்டு சதவீதத்துக்காகத்தான் கொள்கையே எழுதுகிறோம் என்பது எப்படியோ மறந்துபோகிறது.

அடுத்தது, யார் வருகிறார்கள் என்பது. உங்கள் கலந்தாய்வுக் கூட்டங்கள் வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நடக்கின்றன. அந்த நேரத்தில் வர முடிகிறவர்கள் ஓய்வுபெற்றவர்கள், சங்க நிர்வாகிகள், என்னைப் போல எதற்கெடுத்தாலும் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொள்ளும் நாலு பேர். எங்கள் முகங்கள் உங்களுக்கு மனப்பாடம். நாங்களே பொதுமக்கள் என்று நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள், நாங்களும் மறுப்பதில்லை. தினக்கூலிக்காரர் ஒருவர் அங்கே வந்து உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிறார்கள். இந்தப் பக்கம் இருப்பவர் மட்டும் நஷ்டப்பட்டுக்கொண்டு சொல்ல வேண்டும் என்பது சமத்துவக் கூட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

“செவிடன் காதில் ஊதிய சங்கு” என்று இங்கே எழுத வந்தேன், நிறுத்திக்கொண்டேன். ஒரு கூட்டத்தில் காது கேளாத ஒருவர், சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாததால், இரண்டு மணி நேரம் எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். அன்று சங்கை ஊதினோமா என்பதே சந்தேகம். பழமொழி மட்டும் அவர் தலையில் விழுகிறது. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களோடு, குழந்தைகள் உட்பட, நெருக்கமாகக் கலந்துபேச வேண்டும் என்று நாலாவது பிரிவிலேயே சொல்கிறது. அந்தத் தகப்பன் ஓரத்தில் எழுதியதும் இதைத்தான்.

வாயால் கேட்டால் வராத பதில்களும் உண்டு. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1990-களின் நடுவில் பூங்காக்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் வருவது சட்டென்று குறைந்திருந்தது. பையன்கள் அப்படிக் குறையவில்லை. பெரிய திடலைப் பையன்கள் பிடித்துக்கொண்டால் பெண் பிள்ளைகள் சண்டைக்கு நிற்பதில்லை, பேசாமல் விலகிப் போய்விடுகிறார்கள். 1999-இல் இரண்டு பூங்காக்களில் திடலைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்தார்கள், நடைபாதை போட்டார்கள், கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறுமிகள் திரும்ப வந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் படிவம் நீட்டி “பூங்கா பிடித்திருக்கிறதா?” என்று கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? வராதவர்கள் கையில் படிவம் போய்ச் சேர்ந்திருக்காது. வந்தவர்கள் ஐந்தைச் சுழித்திருப்பார்கள்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லாம் முடிவான பிறகு கேட்டால் அதற்கு நம் மொழியில் பொருத்தமான பெயர் உண்டு: கண்துடைப்பு. இங்கிலாந்தில் 1985-இல் ஒரு பள்ளி மூடல் வழக்கில், மக்களிடம் கருத்துக் கேட்பதற்கு நான்கு நெறிகள் பிறந்தன. முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். புரிந்து பதில் சொல்லப் போதிய விவரம் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த கருத்துகளை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். இவற்றை வைத்து 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் லண்டனின் ஹேரிங்கே மன்றத்தைக் கண்டித்தது. ஏழைகளுக்கான வரிச் சலுகையைக் குறைக்கப் போகிறோம், உங்கள் கருத்து என்ன என்று அந்த மன்றம் கேட்டிருந்தது. குறைக்காமல் சமாளிக்க வேறு வழிகள் இருந்தன: வரியைக் கொஞ்சம் ஏற்றலாம், சேமிப்பிலிருந்து எடுக்கலாம், வேறு செலவைக் குறைக்கலாம். அவற்றைப் பற்றி மக்களிடம் மூச்சு விடவில்லை. அந்தக் கலந்தாய்வு சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் மறுபடி முதலிலிருந்து நடத்தச் சொல்லவில்லை. அதற்குள் இரண்டு வருடம் ஓடியிருந்தது. நீதி கிடைத்தது, சலுகை போனது போனதுதான்.

பெருமைக்கு நம்மிடமும் கதை உண்டு. உள்ளாட்சி என்றதும் மேடைக்கு மேடை உத்திரமேரூர்க் கல்வெட்டை இழுப்போம். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஓலை நறுக்கில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, சிறுவன் ஒருவனைவிட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை. கேட்கச் சிலிர்க்கும். ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்ற வரிகளையும் படிக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது அன்றைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதம் கற்றிருக்க வேண்டும். நிலமில்லாதவரும் பெண்களும் அந்தக் குடத்துப் பக்கமே போக முடியாது. சீட்டு எடுத்த கை பட்சபாதம் பார்க்கவில்லை, குடம் பார்த்தது. உங்கள் பதினொரு மணிக் கூட்டமும் அப்படித்தான்.

அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது. அதை ஏனோ மேடையில் யாரும் சொல்வதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மறுபடி குடவோலைக்குத் தகுதியில்லாதவர்கள். அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் அப்படியே. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே, பொறுப்பை வாங்கிக்கொண்டு கணக்குச் சொல்லாமல் போவது தகுதியிழப்புக்குரிய குற்றம்.

நான் உங்களிடம் கேட்பதும் அந்தக் கணக்கைத்தான்.

எங்கள் கருத்தை வாங்கிக்கொண்டு போகிறீர்கள். அதன்பின் கிணற்றில் போட்ட கல். கொஞ்சம் நல்ல நிர்வாகமாக இருந்தால், நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம் என்று ஒரு பலகை வைக்கிறீர்கள். பெஞ்சு கேட்டார்கள், போட்டோம்; விளக்குக் கேட்டார்கள், போட்டோம். அந்தப் பலகையை நான் நின்று படிப்பவன். அதில் இல்லாததைத்தான் தேடுவேன். கேட்டும் செய்யாதது எது, ஏன் செய்யவில்லை? பணமில்லையா, அதிகாரமில்லையா, இல்லை அந்தக் கோரிக்கை தவறு என்று நினைத்தீர்களா? “நீங்கள் சொன்னதை ஏற்கவில்லை, காரணம் இது” என்று முகத்துக்கு நேரே சொன்னால் கோபப்படுவோம்தான். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு வருவோம். பதிலே இல்லாவிட்டால் கோபப்படவும் மாட்டோம். நீங்கள் எங்களுக்கு அக்கறையில்லை என்று சலித்துக்கொள்வீர்கள்.

உங்கள் சிரமம் தெரியாமல் இல்லை. ஒரே தெருவில் ஒருவர் வேகத்தடை வேண்டும் என்பார், எதிர்வீட்டுக்காரர் அதை எடு என்பார். பாதிக் கோரிக்கைகள் உங்கள் கைக்கே வராத துறைகளைச் சேர்ந்தவை. கூட்டத்தில் திட்டு வாங்குவது கொள்கை வகுத்தவர் இல்லை, நாற்காலி போட வந்த ஊழியர். எல்லாம் சரி. அதற்காகத்தான் எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று கேட்கும்போதே சொல்லிவிடுங்கள் என்கிறேன். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கருத்துக் கேட்பது அதில் நாலாவது படி. பெயரளவுப் பங்கேற்பு என்ற வகையில்தான் அதைச் சேர்த்தார். நாலாவது படியில் நிற்பதில் வெட்கமில்லை. அங்கே நின்றுகொண்டு உச்சியில் நிற்பதாகச் சுவரொட்டி அடிப்பதுதான் உறுத்துகிறது.

மேலே ஏறியவர்களும் இருக்கிறார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் நகராட்சியின் முதலீட்டுப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று மக்கள் கூட்டங்களிலேயே தீர்மானிக்கத் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்தது கூட்டத்தைவிடக் கணக்குதான். எந்தப் பகுதியில் வசதி குறைவோ அதற்குப் பங்கீட்டில் கூடுதல் எடை கொடுத்தார்கள். கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் போனது. அந்தத் திட்டங்களில் குறைந்தது 10 சதவீதம் பெண்களுக்கு என்ற விதியும் வந்தது. இரண்டிலும் குறைகள் உண்டு, பட்டியல் போடுபவர்கள் போடட்டும். ஆனால் பேச்சுக்குப் பின்னால் பணம் இருந்தது. பணம் ஒதுக்காத சமத்துவக் கொள்கை எனக்கு வாழ்த்து அட்டை மாதிரி.

ஆக, என் கோரிக்கை சின்னது. கொள்கை வரைவோடு கூட ஒரு பட்டியல் வெளியிடுங்கள். வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேராக ஏற்றது, ஏற்காதது, காரணம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று இருக்கட்டும். கருத்துச் சொல்ல வராதவர்கள் யார் யார், அவர்களைத் தேடி எங்கெல்லாம் போனீர்கள் என்றும் அதில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். போகவில்லை என்றால் போகவில்லை என்றே எழுதுங்கள்.

உங்கள் படிவத்தையும் இத்துடன் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். கைப்பேசியிலேயே நிரப்பலாம் என்றார்கள், அதில் ஓரமே கிடையாது. அதனால் கேட்டு வாங்கிக் காகிதத்தில் எழுதினேன். ஏழாவது கேள்விக்கு நான்கைச் சுழித்து, பக்கத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறேன். அங்கே தட்டச்சு செய்யும் பிள்ளை அதை எங்கே ஏற்றுவது என்று கேட்டு வந்தால், எண்ணை மட்டும் போடச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தற்காலிகத் தட்டச்சர் ஒருவர்