கிணற்றுச் செடி பாறை ஏறிய கதை

அன்புள்ள அம்மிணி,

"கிணற்றை மூடிவிட்டார்களாமே அப்பா, அந்தச் செடி என்ன ஆயிற்று?" என்று போன வாரம் போனில் கேட்டாய். என்னால் விவரமாகச் சொல்ல முடியவில்லை. "முதலில் விசாவைப் பற்றிக் கேளுங்கள்" என்று உன் அம்மா பக்கத்தில் நின்று இடித்துக்கொண்டே இருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கிணறு பங்காளி பங்குக்குப் போனது உனக்குத் தெரியும். மூடப்போவதாக மூன்று வருடங்களாகவே பேச்சு இருந்தது. ஆடிக்கு முன் மண்ணைத் தள்ளிவிட்டார்கள். அப்பாரு மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த கிணறு. எனக்கு வருத்தம்தான், ஆனால் அதை இங்கே பேசிப் பயனில்லை. மேல்கட்டின் சுண்ணாம்புக் காரை இடுக்கில் நின்ற பெரணியை மட்டும் விட மனம் வரவில்லை. ஏணிப்படி போல இருபுறமும் ஒல்லி ஒல்லியாக இலை, நுனியில் ஒற்றையாக ஒரு நீள இலை. சித்திரையில் வேலியெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் அது பச்சையாகவே இருக்கும். டெரிஸ் விட்டேட்டா என்பது அதன் தாவரவியல் பெயர். நமக்கு அது கிணற்றுச் செடி.

அதற்கு இடம் தேடி எங்கும் அலையவில்லை. மதுக்கரைக்குச் சிமெண்ட் ஆலை வந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். அந்தக் கல்லின் வால் ஒன்று நம் சாளை வீட்டுக்குப் பின்னாலும் தலை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதே பாறைதான். அதை நான் திட்டாத நாளில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் பயிர் வேருக்கு எட்டுவதில்லை. நிலக்கடலை மஞ்சள் பூத்துப் போவது அதனால்தான். ஆனால் இந்தப் பெரணிக்குச் சுண்ணாம்பு என்றால் உயிர்.

முதல் வருடம் கிழங்கோடு பெயர்த்து வந்து, பாறைப் பொந்தில் செம்மண்ணும் சாணி எருவும் நிரப்பி நட்டேன். விவசாயி புத்தி! எரு ஈரத்தைப் பிடித்துக்கொண்டதில் கிழங்கு அழுகிவிட்டது. அடுத்த வருடம் எருவை விட்டுவிட்டு, வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நம்பி அங்கே வைத்தேன். பங்குனி வரை நன்றாகத்தான் இருந்தது. சித்திரை பாதிக்கு மேல் வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. நம் ஊரில் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். அறுபது வருடங்களாக இந்த வெயிலில் நிற்கிறேன், அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மூன்றாவது தடவை வித்திலிருந்தே தொடங்கினேன். முற்றிய இலையைத் திருப்பிப் பார்த்தால் ஓரம் உள்ளே மடிந்து, அதற்குள் பழுப்புக் கோடு ஒன்று ஓடும். அந்த இலையைச் செய்தித்தாளில் மடித்து இரண்டு நாள் வைத்தேன். பிரித்தபோது மூக்குப்பொடி போலத் தூள் கொட்டியிருந்தது, அதுதான் வித்து. கிணற்றிலிருந்து சுரண்டிய காரைத் தூளைத் தீபாவளி இனிப்பு வந்த டப்பாவில் பரப்பி நனைத்து, மேலே தூவி மூடினேன். சில வாரங்களில் பாசி போலப் பச்சை படர்ந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் இதய வடிவம், உளுந்தை விடச் சிறியது. அது செடி இல்லை, அம்மிணி, செடிக்கு முந்தைய பிறவி. அதன் மேல் நிற்கும் நீர்ப் படலத்தில் ஆண் அணு நீந்திப் போய்ப் பெண் அணுவோடு சேர்ந்தால்தான் செடி பிறக்கும். காய்ந்தால் எல்லாம் போயிற்று. அந்த மாதங்களில் என்னை விட அந்த டப்பாவுக்குத்தான் வீட்டில் மரியாதை.

குருத்து விட்டவற்றைக் காரையோடு சேர்த்துப் புளியமரத்து நிழலில் இருக்கும் பாறை வெடிப்புகளில் அழுத்தினேன். மேலே ஓட்டை போட்ட மண்பானை, ஓட்டையில் துணித்திரி. பருப்பு வேகாத நம் போர்வெல் சப்பைத் தண்ணீர்தான் சொட்டுகிறது. அதுவே அதற்குப் போதுமாம். பதினொன்று வைத்ததில் நான்கு நிற்கின்றன. நேற்று ஒன்று, பழுப்பு முடி போர்த்த சுருளை மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தது. உன் அம்மா கூட வந்து குனிந்து பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.

ஆட்டை மட்டும் அண்ட விடுவதில்லை. இந்தப் பெரணி மண்ணிலிருக்கும் ஆர்சனிக் என்ற நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் என்று 2001இல் ஃபுளோரிடா ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் மண்ணில் அப்படி ஒன்றும் இருக்காது, இருந்தாலும் ஆடு நம்முடையதாயிற்றே.

உனக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லாதே, விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். தேவையும் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் இது மண்ணின் செடிதான். சிட்னியில் பழைய செங்கல் சுவர் ஏதாவது கண்ணில் பட்டால் காரை இடுக்கைப் பார். இருந்தால் இலையின் அடியைத் திருப்பிப் போட்டோ எடுத்து அனுப்பு.

விசா கிடைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறோம். அப்போது மழை இருக்கும், பானைக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. உன் அம்மாவிடம் குளிர் இல்லாத மாதம் என்பதற்காகத்தான் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

அப்பா